கதவுள்ள நிலையமும் கதவில்லாத நிலையமும்

லண்டன் புறநகரில் வசிக்கும் எனக்கு ரயில் நிலையம் என்றாலே, டிக்கெட்டைக் காட்டினால் திறக்கும் தானியங்கிக் கதவுதான் முதலில் நினைவுக்கு வரும். பணியாளர் இல்லாத நேரங்களில் அங்கே கதவுகளைத் திறந்தே விட்டுவிடுவார்கள். கதவு அடைத்துக்கொண்டால் பயணியை வெளியே விட ஓர் ஆள் வேண்டுமல்லவா? முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் சென்னையில் மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் சென்றுவந்த மூன்று வாரங்களில் இந்தச் சின்ன ஏற்பாட்டைப் பலமுறை எண்ணிக்கொண்டேன்.

2015 ஜூனில் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோவில், டிக்கெட்டில் அச்சிட்ட கியூஆர் கட்டத்தைக் கண்ணாடியில் காட்டினால் கதவு விலகுகிறது. இறங்கும் இடத்திலும் அதையே காட்ட வேண்டும் என்பதை மறந்து, அம்மா அந்தத் தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். கசங்கிய தாளைக் கதவு ஏற்கவில்லை. பின்னால் வரிசை நீள்வதற்குள், அருகில் நின்ற காவலர் சக்கர நாற்காலிக்கான அகலக் கதவைத் திறந்து, "பாத்து வாங்கம்மா" என்று அழைத்துக்கொண்டார். லிஃப்டும் ஓடியது; ரயில் பெட்டியின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருந்தன.

மின்சார ரயில் நிலையங்களில் இப்படி டிக்கெட் பார்க்கும் கதவே கிடையாது. டிக்கெட் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே வழியாகத்தான் போகிறார்கள். டிடிஆர் பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். ஆனால் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் (பெயர் வேண்டாம்) இரண்டாம் நடைமேடைக்குப் போக நடைமேம்பாலத்தின் நாற்பதுக்கும் மேற்பட்ட படிகளைத் தவிர வேறு வழியில்லை. கைப்பிடியைப் பற்றியபடி இருமுறை நின்று மூச்சு வாங்கி அம்மா மேலே ஏறுவதற்குள், நாங்கள் பிடிக்க வந்த வண்டி போய்விட்டது.

இங்கும் கதவு வைத்தால் என்ன என்று உறவினர் ஒருவர் கேட்டார். அந்த நடைமேம்பாலத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் பதில் தெரியும். பூக்கூடையோடு சந்தைக்குப் போகும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ரயிலேறாத எத்தனையோ பேருக்குத் தண்டவாளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக அதுதான் பாதை. படிக்கட்டின் அடியில் கதவை நட்டால் ஊரே இரண்டாகிவிடும். மெட்ரோவின் சுரங்க நிலையங்களிலோ கட்டணப் பகுதிக்கு வெளியே இடம் விட்டுக் கதவை உள்ளே தள்ளி வைத்திருப்பதால், டிக்கெட் இல்லாதவரும் சாலையைக் கடக்க முடிகிறது. மின்சார ரயில் நிலையங்களில் கதவு வைப்பதானால் பாலத்திலிருந்து நடைமேடைக்கு இறங்கும் ஒவ்வொரு படிக்கட்டின் தலைப்பிலும்தான் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அகலக் கதவும் ஆளும் வேண்டும், அதற்கு முன்பே லிஃப்டும் வேண்டும்.

கடைசி வாரம் அம்மா மின்சார ரயில் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஐந்து ரூபாய் டிக்கெட்டில் போகக்கூடிய தூரத்துக்கு ஆட்டோவில் 150 ரூபாய் கொடுத்துப் போய்வந்தோம்.