சேலமா, தூத்துக்குடியா: எந்த விமான நிலையம் நிலைக்கும்?

என் நம்பிக்கை தூத்துக்குடி மேல்தான். சென்னைக்கு சுமார் 600 கிலோமீட்டர்; ரயிலில் ஓர் இரவு போய்விடும். விமானத்துக்கு அதுவே பெரிய பலம். துறைமுக வேலையாகப் பறப்பவர்கள் டிக்கெட் விலையை ரொம்பப் பார்ப்பதும் இல்லை. 1,350 மீட்டர் ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தாயிற்று. இனி ஏடிஆர் மாதிரி சிறிய விமானங்கள் மட்டுமல்ல, ஏர்பஸ் ஏ321 மாதிரி பெரிய ஜெட் விமானம்கூட இறங்கலாம்.

சேலத்தின் சிக்கல் வேறு. வந்தே பாரத் நாலு மணி நேரத்துக்குள் சென்னையில் விடுகிறது. விமானமென்றால் ஓமலூர் பக்கம் காமலாபுரம் போக வேண்டும், பாதுகாப்புச் சோதனை, அப்புறம் மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள். மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்ட மானியத்தில் 2018-ல் தொடங்கிய சேவை 2021-ல் நின்று, 2023 அக்டோபரில்தான் மீண்டது. சேலத்துக்குச் சென்னையைவிட ஹைதராபாத் மாதிரி தூரத்து ஊர்களே சரிப்படும்.