5 கிலோ தும்புச்சோற்றுக் கட்டி: மணல் வளவுக்கு எவ்வளவு பயன்?

தேங்காய் மட்டையில் தும்பு எடுத்தபின் மிஞ்சும் தூள்தான் தும்புச்சோறு. பசளைக் கடைகளில் கிடைக்கும் அதன் அமுக்கிய கட்டியைப் பலர் பசளை என்று நினைத்தே வாங்குகிறார்கள். இது பசளை இல்லை. தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. அதை நன்றாகவே செய்கிறது.

20 முதல் 25 லீற்றர் நீரில் ஓர் இரவு ஊறினால் 60–70 லீற்றர் சோறு வரும். நிறைய என்று தோன்றும். பாத்தியில் ஓரங்குலத் தடிப்பில் விரித்தால் 30 சதுர அடி தாண்டாது. காத்தான்குடி, கல்லாறு போன்ற எழுவான்கரை (மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கம்) மணலில் முழு வளவையும் இதனால் திருத்தப் பார்ப்பது வீண்செலவு. அதற்கு உக்கிய மாட்டெருவும் இலைகுழையும் இருக்கின்றன. நாற்றுத்தட்டுக்கும் பைக்கும்தான் கட்டி.

பெரிய குறை உப்பு. மட்டை உவர்நீரில் ஊறியிருந்தால் சோடியமும் குளோரைட்டும் சோற்றில் தங்கும். நாற்றின் இலை நுனி கருகினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வடியும் நீர் தெளிந்தால் உப்புப் போய்விட்டது என்று நம்பாதீர்கள், உப்புக்கு நிறமில்லை. மூன்று தடவை கழுவுங்கள். ஆவணியில் கிணறு உவர்த்திருந்தால் குழாய்நீரால். சோடியம் சோற்றைப் பற்றிக்கொள்வதால் வெறும் நீர் அதை முழுதாக எடுக்காது. கடைசிக் கழுவலுக்கு முன், கட்டிக்கு 100 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவிடுங்கள். உறையில் 'கழுவியது' என்றிருந்தாலும் ஒருமுறை கழுவுவதில் நட்டமில்லை.

நாற்றுக்கு 2 பங்கு சோறு, 1 பங்கு அரித்த கொம்போஸ்ட். மிளகாய், கத்தரிப் பைகளுக்கு மேல்மண், சோறு, உக்கிய எரு மூன்றும் சம அளவு. சோற்றை மட்டும் நிரப்பினால் அடியிலைகள் மஞ்சளாகும்: அதில் காபன் நைதரசனைப் போல் 100 மடங்களவு உண்டு, அதை உக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைதரசனை எடுத்துக்கொள்ளும். நடுகைக்கு இரண்டு கிழமை முன்பே பைக்கு ஒரு பிடி உக்கிய கோழியெரு கலந்துவிடுங்கள்.

வறண்ட கச்சான் காற்றில் மேற்பரப்பு வெளிறிக் காய்ந்து தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். விரல் விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் வேர் அழுகும். கார்த்திகை அடைமழையில் தட்டுகளைக் கூரைக்குக் கீழே எடுங்கள்; நாற்றழுகல் பிடித்தால் தட்டு முழுவதும் போய்விடும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் களிமண்ணுக்கு இந்தக் கட்டி வேண்டாம். அங்கே நீர் தேங்குவதே தொல்லை; உமிக்கரியும் அரை அடி உயர்த்திய பாத்தியும் மலிவாகவே வேலையை முடிக்கும்.