புகாட்டி டைப் 35-ஐ 1:8-ல் கட்ட: தகடா, ஸ்டைரீனா, பிரிண்டரா?

1924 ஆகஸ்டில் லியோன் கிராண்ட் பிரீ பந்தயத்துக்காக புகாட்டியின் மோல்ஸ்ஹைம் பட்டறையிலிருந்து கிளம்பிய டைப் 35 பந்தயக் கார், மாதிரி கட்டுகிறவர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்த கார் போல இருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2400 மி.மீ., இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 1200. 1:8 என்றால் அசலில் எட்டில் ஒரு பங்கு; எட்டால் வகுத்தால் 300, 150. கால்குலேட்டரே வேண்டாம். டயர் 710 × 90 என்பதால் மாதிரியில் வெளிவிட்டம் 88.8, பருமன் 11.3. மொத்த நீளம் சுமார் 46 செ.மீ. இந்த அளவில் போல்ட் தலைகூடத் தெரியும். அதனாலேயே எங்கும் ஏமாற்ற முடியாது.

உடலை எதில் செய்வது என்று கேட்டால் மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்: அலுமினியத் தகடு, ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட், திரவ ரெசினை ஒளியால் இறுக்கி அடுக்கடுக்காக உருவம் எடுக்கும் 3டி பிரிண்டர். முழுக் காருக்கும் ஒரே பொருள் என்று முடிவெடுப்பதுதான் இதில் முதல் தப்பு. பெயின்டுக்கு அடியில் போகிற பரப்பு எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. விளிம்பு தெரிகிற இடம், திறந்து மூடுகிற இடம், உலோகமாகவே மின்னுகிற இடம் ஆகியவற்றில்தான் பொருள் காட்டிக்கொடுக்கும். எனவே பாகம் பாகமாகப் பார்ப்போம்.

பானட்

இங்கே போட்டியே இல்லை, தகடுதான். அசல் காரின் தகடு ஒன்றரை மி.மீ. என்றே வைத்துக்கொண்டாலும் 1:8-ல் அது 0.19. ஸ்டைரீனில் 0.5-க்குக் கீழே போனால் தொய்கிறது, அந்த 0.5-ஐ எட்டால் பெருக்கினால் நான்கு மி.மீ. தகடு. பிரிண்டரில் நெளியாத பானட் வேண்டுமென்றால் 1.5 மி.மீ. சுவர் வைக்க வேண்டும். அசலில் அது 12 மி.மீ., அதாவது ராணுவ வண்டி. மூடி வைத்திருக்கும்வரை தெரியாது. திறந்ததும் மானம் போகும்.

ஆஃப்செட் அச்சகங்களில் வேலை முடிந்து பழைய விலைக்குப் போகும் தகடு இதற்குக் கச்சிதம். ஏறக்குறைய சுத்த அலுமினியம், 0.15 முதல் 0.3 மி.மீ. வரை கிடைக்கும். 0.2 எடுங்கள். மேலே உள்ள பூச்சைத் தின்னரும் ஸ்டீல் உல்லும் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, தகட்டை இளக்க வேண்டும், அதாவது உருக்காமல் சூடாக்கி மென்மையாக்க வேண்டும். துணி சோப்பைப் பரப்பு முழுக்கத் தேய்த்து, அடிப்பக்கத்திலிருந்து தீயை நகர்த்திக்கொண்டே காட்டுங்கள். சோப்புக் கோடு கருத்ததும் நிறுத்திவிட வேண்டும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது. சிவக்காமலேயே ஓட்டை விழுந்துவிடும். சோப்பைத் தேய்ப்பதே அதற்காகத்தான்.

அடுத்தது பானட்டின் காற்றுப் பிளவுகள். ஸ்டைரீன்காரர்கள் அரைவட்டப் பட்டையை வரிசையாக ஒட்டுவார்கள். தூரத்திலிருந்து சரி, கிட்டே வந்தால் வாய் திறக்காத பிளவு, பொம்மை. தகட்டில் அசல் போலவே வெட்டித் தூக்கலாம். 3 மி.மீ. இரும்புப் பட்டையில் பிளவின் நீளத்துக்கு ஒரு பள்ளம் அராவிக்கொள்ளுங்கள். அதற்குப் பொருந்தும் பஞ்ச்சில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் கூராகவும், மறுபக்கம் உருண்டையாகவும் இருக்க வேண்டும். ஒரே அழுத்தில் கூர்ப்பக்கம் வெட்டும், உருண்டைப்பக்கம் தகட்டை வளைத்துத் தூக்கும். உயரம் 0.8 மி.மீ. போதும்.

இடைவெளியை அளவுகோலால் குறிக்காதீர்கள். கால் மி.மீ. பிசகினாலும் வரிசை கோணலாகத் தெரியும். தகட்டைப் பிடிக்கும் சட்டத்தை எம்6 திரெட் ராடால் (6 மி.மீ. புரிக்கம்பி) நகர்த்துங்கள். அதன் புரி ஒரு மி.மீ., எனவே மூன்று சுற்றுக்கு மிகச்சரியாக மூன்று மி.மீ. ஒவ்வொரு பிளவும் தகட்டை இழுப்பதால் பாதி வரிசையிலேயே தகடு வாழைப்பழம் போல வளையத் தொடங்கும். நான்கு பக்கமும் 10 மி.மீ. அதிகமாக விட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாம் முடிந்தபின் வெட்டிவிடுங்கள். பிளவுகளை அடித்த பிறகே பானட் வளைவு. வளைத்துவிட்டு அடிக்கக் கூடாது.

எத்தனை பிளவு என்பதை நீங்கள் கட்டும் குறிப்பிட்ட காரின் புகைப்படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய 35பி, 35சி வகைகள் என்றால் பானட் பக்கத்தில் அழுத்தம் வெளியேற ஒரு ஓட்டை உண்டு. அது இல்லாமல் '35பி' என்று பலகை வைத்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

வால்

கூர்வால் இரண்டு திசையிலும் வளைகிறது. இங்கே மூன்று கட்சிக்கும் நியாயம் இருக்கிறது.

தகட்டில் அடிப்பதென்றால் 0.2 கிழிந்துவிடும், 0.5 வேண்டும். தேக்கில் இடது, வலது என்று இரண்டு அச்சு. எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், விளிம்பு உதிர்கிறது. நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஓரத்தில் எழும் மடிப்பைக் கொட்டாப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுக்க வேண்டும். மடிந்து படிந்துவிட்டால் பிரிக்கும்போது விரியும். எப்போது மறுபடி இளக்குவது என்பதைக் காது சொல்லும்: 'தொப் தொப்' என்ற சத்தம் 'டிங்' என்று மாறினால் தகடு இறுகிவிட்டது. அதற்குமேல் ஒரு அடி, விரிசல் ஒன்று. சாதாரண ஈயம் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் இரண்டு பாதியையும் உள்பக்கம் பட்டை வைத்து எபாக்ஸியால்தான் சேர்க்க வேண்டும். அத்தனையும் செய்து கடைசியில் பிரெஞ்சு நீலம் அடித்து மூடப்போகிறீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டைரீனில் நடுமுதுகு ஒன்று, 20 மி.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம், எல்லாம் 1.5 மி.மீ.யில். மேலே 0.5 மி.மீ. பட்டைகளை 5 மி.மீ. அகலத்தில் ஓடத்துக்குப் பலகை அடிப்பதுபோல ஒட்டி, பிறகு பட்டி பார்க்க வேண்டும். பிசகுவது இரண்டு இடத்தில். ஒன்று, பட்டையைச் சட்டத்தோடு ஒட்டும் திரவப் பசையை அள்ளி ஊற்றுவது. பிளாஸ்டிக் இளகி, வாரக்கணக்கில் காய்ந்து, சட்டம் இருக்கும் இடமெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பளபளப்பான நீலத்தின் மேல் பட்டினி மாட்டின் விலா எலும்பு மாதிரி தெரியும். மூடப்பட்ட அறைகளில் ஆவி தங்காமலிருக்க ஒவ்வொரு சட்டத்திலும் 6 மி.மீ. ஓட்டை போடுங்கள், பெயின்டுக்கு முன் குறைந்தது இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். இரண்டாவது, கார் பட்டறைப் பட்டியைக் கனமாக அப்புவது. அதிலுள்ள ஸ்டைரீன் திரவம் மெல்லிய ஷீட்டைத் தாக்கும். ஒரு மி.மீ.க்கும் குறைவாகப் பல தடவை இடுவதே சரி.

பிரிண்டர், வாலுக்கு நல்ல விடைதான். கையால் செய்தது எதுவும் அவ்வளவு சமச்சீராக வராது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஃபைல் பலவும் வீடியோ கேமுக்குச் செய்தவை, 46 செ.மீ.க்குப் பெரிதாக்கினால் பட்டை தீட்டிய கல் மாதிரி முகம் முகமாகத் தெரியும். 2 மி.மீ. சுவர் வைத்து உள்ளே கூடாக்கி, இரண்டு வடிகால் ஓட்டை விட்டு, 30 முதல் 45 டிகிரி சாய்த்து 0.05 மி.மீ. அடுக்கில் எடுங்கள். படுக்க வைத்து எடுத்தால் வாலின் மேல்பரப்பில் வரைபடத்தில் மலைக்குப் போடும் கோடுகள் மாதிரி படிக்கட்டு விழும். உட்புறத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உள்ளேயும் புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். உள்ளே தங்கிய இறுகாத ரெசின் பல மாதம் கழித்துச் சுவரைப் பிளந்துகொண்டு பெயின்டின் வழியே கசியும்.

கணினியில் வரையத் தெரிந்தால் வாலுக்குப் பிரிண்டர், தெரியாவிட்டால் ஸ்டைரீன். பெயின்ட் அடிக்காமல் வெறும் உலோகமாகக் காட்சிக்கு வைப்பவருக்கு மட்டும் தகடு.

சக்கரம்

டைப் 35-ஐ டைப் 35 ஆக்குவது எட்டுத் தட்டை ஆரக்கால் கொண்ட வார்ப்பு அலுமினியச் சக்கரம். பிரேக் டிரம்மும் அதிலேயே சேர்ந்தது. இதற்குப் பயந்து கம்பிச் சக்கரம் கொண்ட 35ஏ-க்குத் தாவுகிறவர்கள் உண்டு. எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதை.

உதிரிச் சக்கரத்தோடு ஐந்து வேண்டும். ஐந்தையும் பிரிண்ட் செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் சப்போர்ட் (பிரிண்டர் போடும் முட்டுக்குச்சி) விட்ட தழும்பைத் தேய்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பிரிண்ட் செய்து அதைக் கண்ணாடியாகத் தேய்த்து, சிலிகான் அச்செடுத்து நகல் வார்ப்பதே மேல். தேய்க்கும் உழைப்பு ஒரு தடவைதான்.

சிலிகான் வாங்கும்போது கவனம். பிளாட்டினம் வகை, பிரிண்டர் ரெசினைத் தொட்ட இடத்தில் இறுகாமல் கொழகொழவென்று நின்றுவிடும். மூல மாதிரியும் அச்சும் சேர்ந்து போகும். டின் வகையே வாங்குங்கள். அது சற்றுச் சுருங்கும்; ஆனால் ஐந்தும் ஒரே அளவு சுருங்குவதால் டயரை அதற்கேற்பச் செய்துகொண்டால் போதும். வார்க்கும் பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. மழை நாளில் கலக்கினால் உள்ளே நுரைத்து, ஆரக்கால்கள் ரஸ்க் மாதிரி ஆகிவிடும். டப்பாவைத் திறந்தால் உடனே மூடுங்கள்; கலக்கும் குச்சிகூடக் காய்ந்ததாக இருக்கட்டும், ஐஸ்கிரீம் குச்சி ஈரம் உறிஞ்சும் என்பதால் பிளாஸ்டிக் குச்சி நல்லது.

டாஷ்போர்டு

வட்ட வட்டமாகச் சுழித்த அலுமினியப் பரப்பை அச்சடித்த ஸ்டிக்கராகவும் ஒட்டலாம். நேரே பார்த்தால் பிரமாதம். தலையைச் சாய்த்தால் ஒளி நகராது, செத்த மீன் கண். 2 மி.மீ. மரக்குச்சியைச் சிறு டிரில் ஸ்டாண்டில் மாட்டி, வால்வ் கிரைண்டிங் பேஸ்டைத் தொட்டு, ஒவ்வொரு வட்டமும் முந்தையதில் பாதியை மூடும்படி வைத்துக்கொண்டே போங்கள். குச்சி முனை தேய்ந்து சாய்ந்தால் வட்டம் பிறையாகும். பத்துப் பதினைந்து வட்டத்துக்கு ஒருமுறை முனையை உப்புத்தாளில் சமப்படுத்துங்கள். மீட்டர் ஓட்டைகளைச் சுழித்து முடித்த பிறகு போடுங்கள். முன்பே போட்டால் ஓட்டையின் விளிம்பில் குச்சி சறுக்கி, கீறல் குறுக்கே ஓடும்.

டயர்

11 மி.மீ. பருமனுள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வாங்கி மாட்டுவது சுலபம். ஆனால் தரையைப் பிடிக்கும் பட்டனும் (டயர் மேலுள்ள குமிழ்) இல்லை, தரையில் படியும் தட்டையும் இல்லை, முறுக்கு வடை போல இருக்கும். கறுப்பு பாலியூரிதேன் ரப்பரில் வார்த்தால் பட்டன் வரும், பெயின்டும் ஓரளவு பிடிக்கும். சிலிகானில் வார்ப்பதென்றால், சிலிகான் அச்சில் வாசலினைத் துளி இடமும் விடாமல் பூசிவிட்டு ஊற்றுங்கள். விட்டுப்போன இடத்தில் டயரும் அச்சும் ஒரே கட்டியாகிவிடும், பிளேடால்தான் பிரிக்க வேண்டும்.