பிராண்டிங்கா, மார்க்கெட்டிங்கா: விளம்பரத்தை நிறுத்தினால் எது மிஞ்சும்?

கையிலுள்ள தொகையை அடுத்த மாத விற்பனைக்கான விளம்பரத்தில் போடுவதா, பெயரை நிலைநிறுத்துவதில் போடுவதா? என் சாய்வு பிராண்டிங் பக்கம்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொருள், விலை, விற்குமிடம், விளம்பரம் நான்கையும் கொண்டு வாங்குபவரைத் தேடிப் போவது மார்க்கெட்டிங். அவர் மனத்தில் எது பதிய வேண்டும் என்று முடிவுசெய்து, பெயர், நிறம், பேசும் விதம், தரம் எல்லாவற்றிலும் அதையே காப்பது பிராண்டிங். வேகத்தில் மார்க்கெட்டிங்தான் முந்தும். வெள்ளிக்கிழமை போட்ட விளம்பரத்துக்குத் திங்கட்கிழமையே ஆர்டரை எண்ணிவிடலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புச் செலவு. விளம்பரம் வாடகை மாதிரி. ஒரு பொருளில் 100 மிஞ்சுகிறது, அதில் 30 விளம்பரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத் தேடலில் விளம்பர இடம் ஏலத்தில்தான் கிடைக்கிறது; அதே தேடுசொல்லுக்குப் போட்டியாளர் ஏலத்தை உயர்த்தினால் அந்த 30, 45 ஆகும். பொருளும் தரமும் மாறவில்லை, லாபம் மட்டும் கரைகிறது. பெயரைச் சொல்லித் தேடி வருபவருக்கு இந்த ஏலம் பொருட்டே இல்லை. 2020-இல் தங்குமிடங்களை வாடகைக்குப் பதிவுசெய்யும் இணையதளமான ஏர்பிஎன்பி விளம்பரத்தை ஏறக்குறைய நிறுத்திய பிறகும் முந்தைய ஆண்டின் இணையதள வருகையில் 95 சதவீதம் தொடர்ந்தது என்று அதன் தலைவர் பிரையன் செஸ்கி சொன்னார்.

இந்தச் செலவு ஏன் கண்ணில் படுவதில்லை? வாங்குவதற்கு முன் அழுத்திய கடைசி கிளிக்குக்கே முழு விற்பனையையும் எழுதிவைப்பதால்தான். பெயர் தெரிந்து தேடியவர் மேலே இருக்கும் விளம்பரத்தை அழுத்துகிறார், வரவு விளம்பரத்தின் கணக்கில் ஏறுகிறது. இணையச் சந்தையான ஈபே தன் பெயருக்கான தேடல் விளம்பரங்களை நிறுத்திச் சோதித்தபோது, இழந்த கிளிக்குகளில் 99.5 சதவீதம் சாதாரணத் தேடல் வழியாகவே திரும்பி வந்தது. 2019-இல் அடிடாஸும் உடனடி விற்பனைக்கான விளம்பரத்தில் அளவுக்கு மீறிச் செலவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதன் செலவு உடனடி விற்பனைக்கு 77, பிராண்டுக்கு 23 சதவீதம் என்று பிரிந்திருந்தது.

நீங்களும் சோதிக்கலாம். ஒரே மாதிரி விற்கும் இரண்டு பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள். பெயர்த் தேடல், மறு ஆர்டர், தள்ளுபடி இல்லாமல் விற்ற பங்கு மூன்றையும் ஒப்பிடுங்கள். பண்டிகைக் காலத்தில் செய்தால் கணக்கு தப்பும்.

பிராண்டிங்கிலும் காசு வீணாகும், அதுவும் பெரும்பாலும் அவசரத்தால். உள்ளே இருப்பவர்களுக்குத்தான் லோகோ சலிக்கிறது. வாங்குபவருக்கு அப்போதுதான் பழகியிருக்கும். 2009-இல் டிராப்பிகானா ஆரஞ்சுச் சாறு அட்டைப்பெட்டியின் தோற்றத்தை மாற்றியது. கடை அலமாரியில் பழைய வாடிக்கையாளர்களாலேயே அதை அடையாளம் காண முடியவில்லை. விற்பனை சுமார் 20 சதவீதம் சரிய, இரண்டு மாதத்துக்குள் பழைய தோற்றத்துக்கே திரும்பியது.

விகிதம் கேட்டால், விளம்பரங்களின் பலனை ஆராய்ந்த லெஸ் பினே, பீட்டர் ஃபீல்டு இருவரும் 2013-இல் சொன்ன 60-க்கு 40, பிராண்டுக்கே கூடுதல். ஆனால் அவர்கள் அலசியவை பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் பிரச்சாரங்கள். மூன்று மாதச் சம்பளத்துக்குக்கூடக் கையிருப்பு இல்லாத சிறு தொழிலுக்கு அதை அப்படியே பொருத்த மாட்டேன். அங்கே முதல் பணம் விற்பனை விளம்பரத்துக்குத்தான். பெயர், நிறம், சொல்லும் வாக்குறுதி மூன்றை மட்டும் முதல் விளம்பரத்திலேயே முடிவுசெய்து, பிறகு தொடாமல் விட்டுவிடுங்கள்; அதற்குத் தனிச் செலவு கிடையாது.