பறவைப் படத்துக்குக் கருத்து: குழுவில் கேட்பதா, பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதா?

பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் கருத்துக் கேட்கப் போகும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுதான். இன்னொரு வழி, நம்மைவிட அனுபவம் கூடிய ஒருவரோடு லேப்டாப் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருவது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன். இனி திரும்புவதாக இல்லை.

குழுவில் பதில் உடனே வரும், பாராட்டும் வரும். பல கண்கள் பார்ப்பதில் நிஜமான லாபமும் உண்டு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எடுத்த உள்ளான் எந்த வகை என்று சொல்லவும், கூட்டுக்கு இவ்வளவு நெருங்கியிருக்கக் கூடாது என்று கண்டிக்கவும் அங்கே யாராவது இருப்பார்கள்.

ஆனால் படத்தில் உள்ள குறைக்குக் காரணம் தெரிய மூலக் கோப்பு, அதாவது கேமராவில் பதிவான அதே கோப்பு, வேண்டும். என்னை மாற வைத்தது இந்த ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருந்த நேரம்), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) விவரங்களும் அதோடு போய்விடும். 'ஷார்ப்பா இல்லையே' என்று ஒருவர் எழுதுவார். சரிதான், ஆனால் ஏன் இல்லை? மூலக் கோப்பை நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் விடை அதிலேயே கிடக்கும். பறவைக்கு முன்னால் இருக்கும் கோரை தெளிவாக இருந்தால் ஃபோகஸ் அங்கே போய்விட்டது. தலை தெளிவாக இருந்து இறக்கை நுனி மட்டும் கலங்கியிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை; 1/500 நொடியில் எடுத்தவர் அடுத்த முறை 1/2000 நொடிக்குப் போகலாம். கோரை, பறவை, கரை எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. வெயிலில் எடுத்த கொக்கின் இறகு வெளுத்துப் போயிருந்தாலும் அப்படித்தான்: ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) ஓரளவு மீட்க முடியுமா, அல்லது எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) அங்கேயே குறைத்திருக்க வேண்டுமா என்பதைக் கோப்பைத் திறந்தவர்தான் சொல்ல முடியும்.

நாம் ஒதுக்கிய படங்களையும் பக்கத்தில் உட்காருபவர் பார்ப்பார். தொடர்ச்சியாக எடுத்த வரிசையில், நாம் தள்ளிவிட்டதுதான் நல்ல படமாக இருப்பது அடிக்கடி நடக்கிறது.

கருத்துச் சொல்பவருக்கும் பக்கத்தில் இருப்பது நல்லது. "இதுல என்ன காட்ட நினைச்சீங்க?" என்று முதலில் கேட்க முடிகிறது. நண்பர் ஒருவர் வேடந்தாங்கலில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படத்துக்குக் குழுவில் வந்த யோசனை, 'இன்னும் நெருக்கி கிராப் பண்ணுங்க.' அவர் காட்ட விரும்பியதோ தண்ணீரில் நிற்கும் மரங்களையும் அதில் நிறைந்திருந்த நாரைக் கூட்டத்தையும். அதைக் கேட்டபின் நான் சொன்னது நேர் எதிரானது: குறைந்த ஜூமில் எடுங்கள், வெயில் ஏறுமுன் போங்கள்.

ஒருவரிடமே கேட்டுக்கொண்டிருந்தால் அவருடைய ரசனை நம்மிடம் ஒட்டிக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. அதனால் இருவரிடம் மாறி மாறிக் காட்டுகிறேன். பூச்சிகளை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ படங்களுக்கு இதெல்லாம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் அதில் எடுத்ததில்லை.

பக்கத்தில் அப்படி யாரும் இல்லையென்றால், அதே வாட்ஸ்அப்பில் மூலக் கோப்பை 'டாக்குமெண்ட்' ஆக நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது, விவரங்களும் போகாது. பிறகு இருவரும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசலாம்.