ஆறு வருடம் கையில் கட்டிய மரைன் வாட்ச்: அந்தச் சின்ன முள்ளைப் பற்றி மட்டும்

சர்வீஸுக்குப் போன வாட்ச் போன வாரம்தான் திரும்பி வந்தது. அதே வாரம் ஒரு நண்பர், "உங்ககிட்ட இருக்கிற மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டார். கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

கப்பல் குரோனோமீட்டரிலிருந்து, அதாவது கடலில் துல்லியமாக நேரம் பார்க்க வைத்திருந்த பெட்டிக் கடிகாரத்திலிருந்து, என் வாட்சுக்கு வந்த உண்மையான சொத்து, 12-க்குக் கீழே சாவி அளவைக் காட்டும் முள். கப்பலில் அது 0 முதல் 56 மணி வரை நகரும். சாவி கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று காட்டும். இரண்டு நாள் தாங்கும் என்றாலும் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து வந்தார்கள். சுருள்வில் தளர்ந்தால் இழுவிசை குறையுமே, அதைச் சமன்செய்ய உள்ளே ஃபியூசி என்ற கூம்பும் அதைச் சுற்றி மெல்லிய சங்கிலியும் இருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் செய்த எச்4 என்ற கடல் கடிகாரத்தில் அதோடு கூடுதலாக, 7.5 விநாடிக்கு ஒருமுறை தானே முறுக்கிக்கொள்ளும் சின்ன வில் ஒன்று உண்டு. 1761-62-இல் ஜமைக்கா போன 81 நாளில், முன்பே தெரிந்த தினசரி வித்தியாசத்தைக் கழித்துவிட்டால், அந்தக் கடிகாரம் பின்தங்கியது சுமார் 5 விநாடி.

என் வாட்சில் முள் மட்டும் உண்டு, ஃபியூசி இல்லை. காலை ஆறரைக்குத் தவறாமல் சாவி கொடுத்தால் நாளுக்கு 3 விநாடி முந்தும். ஒரு நாள் விட்டால் 8, 9 ஆகிவிடும். கப்பல் குரோனோமீட்டரில் சக்கரத்தைப் பல் பல்லாக விட்டுப் பிடிக்கும் டிடென்ட் எஸ்கேப்மென்ட் என்ற நுட்பமான அமைப்பு இதில் இல்லாததைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்குள், கப்பல் ஆடினாலும் கடிகாரத்தைச் சாயாமல் வைக்கும் கிம்பல் வளையத்தில் அலுங்காமல் கிடக்க வேண்டியது அது. கையைச் சட்டென்று உதறினாலே தடுமாறிவிடும்.

ஆனால் அந்த முள்! கட்டைவிரலால் திருகத் திருக, இலை நுனி மாதிரி கூராக, நீலமாக இருக்கும் அது மெல்ல ஏறி, வில் இறுகும் அதே நொடியில் கடைசிக் கோட்டில் வந்து நிற்கும். ஆறு வருடமும் அதற்காகவே காலையில் முதலில் கையில் எடுப்பேன்.

இப்போது முழுச் சாவி கொடுத்தாலும் முள் கடைசிக் கோட்டுக்கு நான்கு மணி நேர அளவு முன்னாலேயே நின்றுவிடுகிறது. சர்வீஸில் முள்ளைக் கழற்றி மாட்டும்போது இடம் தவறியிருக்கிறார்கள். கேட்டால், "அது அப்படித்தான் சார், டைம் கரெக்டா இருக்கே" என்கிறார்கள். இருக்கிறது, 2 விநாடிதான் முந்துகிறது, முன்பைவிட நன்றாகவே ஓடுகிறது.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை மறுபடி அனுப்புகிறேன். மூன்று வாரம் ஆகுமாம்.