எத்தியோப்பியாவின் சானெட்டி பீடபூமிப் பயணம்: வழிகாட்டிக்கு ஐந்து நட்சத்திரம், வண்டிக்கு இரண்டு

பேல் மலைகள் தேசியப் பூங்காவுக்குள் வழிகாட்டியோடு போகும் பகல் பயணம் இது. பூங்கா வழிகாட்டி அருமையான மனிதர். எல்லோரும் எத்தியோப்பிய ஓநாயைத் தேடிக் கண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்க, அவர் முதலில் வளை எலியைக் காட்டினார்: பேல் மலைகளில் மட்டுமே வாழும் பெருந்தலை எலி, பாதி உடம்பை வளைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எட்டும் தூரத்துப் புல்லை அவசரமாக வாயில் வாரி உள்ளே இழுக்கிறது. பக்கத்திலேயே ஒரு சிறு குருவி, கிளறிய மண்ணில் பூச்சி பொறுக்குகிறது. சுமார் 4,000 மீட்டர் உயரம், இரவில் உறைபனி, அதனால் எலிகள் பகலில்தான் மேய்கின்றன, ஓநாயும் பகலில்தான் வேட்டையாடுகிறது. கூட்டமாக வாழ்ந்தாலும் எலி பிடிக்கத் தனியாகத்தான் போகுமாம். அப்புறம் ஒன்று வந்தது, செந்நிறம், நீண்ட கால்கள், பதுங்கிப் பதுங்கி நடை. உலகத்திலேயே இவை 500 அளவில்தான் மிஞ்சியிருக்கின்றன, மேய்ச்சல் நாய்களிடமிருந்து வரும் வெறிநோய் பெரிய ஆபத்து.

வண்டி நிறுவனத்தின் மேல்தான் கோபம். படம் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஓட்டுநர் பாதையை விட்டுப் புல்வெளிக்குள் இறக்கிவிட்டார், வழிகாட்டி கத்திய பிறகுதான் நிறுத்தினார். கீழே முழுக்க வளைகள்! முன்பதிவின்போதே பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். ராட்சத லொபேலியா செடிகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள், ஆளை விட உயரமாக வளர்ந்து ஒரே முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். கனமான குளிராடை கட்டாயம்.